ஒரே மனிதர், இரண்டு கல்லாப்பெட்டிகள்



அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணிக்குள் யார் வர வேண்டும், யார் இருக்க வேண்டும், யார் எப்போது போக வேண்டும் என்று முடிவெடுப்பவர் ஜெனரல் மேனேஜர். களத்தில் நின்று ஆட்டத்தை நடத்துபவர் வேறொருவர். அவரை வெறுமனே மேனேஜர் என்பார்கள். ஜெனரல் மேனேஜருக்கு அலுவலகமும் தொலைபேசியும் கணக்குப் புத்தகமும்தான் களம். உரிமையாளர் ஆண்டுதோறும் ஒரு தொகையைச் சொல்லி, இதற்குள் அணியை நடத்துங்கள் என்கிறார். அந்தத் தொகை பெரிதா சிறிதா என்பது அந்த மனிதரின் முடிவுகளை எப்படி வளைக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பணம் இருந்தால் நல்ல வீரரை வாங்கலாம், இல்லாவிட்டால் முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது உண்மைதான். ஆனால் அந்த வரியோடு நின்றுவிட்டால் இந்த வேலையின் உள்ளே நடப்பது எதுவும் கண்ணில் படாது. சம்பளத் தொகையின் அளவு எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றுவது நேரத்தை என்பது என் கருத்து. கையில் குறைவாக இருப்பவர், ஒரு வீரர் எப்படிப்பட்டவர் என்று முழுதாகத் தெரியும் முன்பே முடிவெடுத்தாக வேண்டும். கையில் நிறைய இருப்பவர் பொறுத்திருந்து பார்க்கலாம், தெளிந்த பிறகு வாங்கலாம், வாங்கியது பிசகினால் அதைக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

நம்மில் பலர் ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்கள். அங்கே எல்லா அணிக்கும் ஒரே பணப்பை. 2025-க்கான ஏலத்தில் அணிக்கு 120 கோடி ரூபாய். பேஸ்பாலில் அப்படியொரு பொது வரம்பு கிடையாது. ஒரே பிரிவில் ஆடும் இரண்டு அணிகளில் ஒன்று மற்றதைப்போல நான்கு மடங்கு, ஐந்து மடங்கு சம்பளம் கொடுக்கலாம். இருக்கிற ஒரே தடை சொகுசு வரி. ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிச் செலவழிக்கும் அணி, தாண்டிய தொகைக்கு லீக்குக்கு வரி கட்ட வேண்டும். 2025-இல் அந்த எல்லை 24.1 கோடி டாலர். அதில் பாதியைக்கூட எட்டாத அணிகளும் உண்டு.

இன்னொரு விதியையும் சொல்லிவிடுகிறேன். மீதி எல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு வீரர் மேஜர் லீக் என்ற உச்ச லீக்கில் ஆறு ஆண்டு பணி முடிக்கும்வரை அவரை எடுத்த அணிக்கே சொந்தம். முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய குறைந்தபட்ச ஊதியம். 2025-இல் அது 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டு, சம்பளத்தில் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் தீர்ப்பு. ஆறு ஆண்டு முடிந்த பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட். விரும்பிய அணியோடு பேரம் பேசலாம். இந்த உரிமைகூட வீரர்கள் சங்கம் போராடி வாங்கியது. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இரண்டு பிட்சர்களுக்கு (பந்து எறிபவர்கள்) சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன பிறகே கதவு திறந்தது. அதற்கு முன் ஓர் அணி தன் வீரரை ஆயுளுக்கும் கட்டிப்போடலாம்.

ஆக, மலிவான திறமை இருக்கும் இடம் ஒன்றுதான்: ஆறு ஆண்டு முடியாத இளைஞர்கள். ஏழை அணியின் ஜெனரல் மேனேஜர் அங்கேதான் வாழ வேண்டும். அந்த ஆறு ஆண்டுக் கணக்கில் ஒரு பருவம் முழுப் பணியாக ஏற 172 நாள் வேண்டும். 2015-இல் கிறிஸ் பிரையன்ட் என்ற இளைஞரைச் சிகாகோ கப்ஸ் சில நாள் தாமதமாக அழைத்தது. அவர் கணக்கில் 171 நாள் ஏறியது. அந்த ஒரு நாள் குறைந்ததால் அணிக்கு அவர்மீது இன்னுமோர் ஆண்டு உரிமை கிடைத்தது. பிரையன்ட் முறையிட்டார், 2020-இல் தோற்றார். கப்ஸ் ஏழை அணி அல்ல. பணக்கார அணியே ஒரு நாளை இப்படி எண்ணிப் பார்க்கிறது என்றால், ஏழை அணிக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெறும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பணமில்லாத அணி என்றதும் எல்லோரும் ஓக்லாந்து அணியின் பில்லி பீனைச் சொல்வார்கள். 2002-இல் சுமார் 4 கோடி டாலரில் 103 ஆட்டங்களை வென்றவர். புத்தகமாகவும் திரைப்படமாகவும் வந்த கதை. அதை மறுபடி சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க விரும்பவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவர் ஆண்ட்ரூ ஃப்ரீட்மன். காரணம் எளிது. பீன் ஒரே கல்லாப்பெட்டியோடு வாழ்ந்தார். ஃப்ரீட்மன் முதலில் லீக்கின் மிகச் சிறிய பெட்டிகளில் ஒன்றையும், பிறகு மிகப் பெரிய பெட்டிகளில் ஒன்றையும் கையாண்டவர். மனிதர் ஒருவரே, அறிவும் அதேதான். மாறியது பணம் மட்டும்.

நியூயார்க்கில் முதலீட்டு நிறுவனங்களில் வேலை பார்த்த இளைஞர் அவர். 2005 இறுதியில் ஸ்டூவர்ட் ஸ்டெர்ன்பெர்க், ஃப்ளோரிடாவின் டாம்பா பே அணியைத் தன் பொறுப்பில் எடுத்தபோது, வீரர் நிர்வாகம் முழுவதையும் 28 வயது ஃப்ரீட்மனிடம் கொடுத்தார். பதவிப் பெயர் வேறாக இருந்தாலும் பார்த்தது ஜெனரல் மேனேஜர் வேலைதான். 1998-இல் தொடங்கிய அந்த அணி அதுவரை ஒரு பருவத்திலும் 70 ஆட்டங்களுக்கு மேல் வென்றதில்லை. அதே பிரிவில் நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் உட்கார்ந்திருந்தன.

2008 ஏப்ரலில் ஈவன் லோங்கோரியா என்ற 22 வயது இளைஞர் மேஜர் லீக்குக்கு அழைக்கப்பட்டார். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஃப்ரீட்மன் அவரோடு ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். 1.75 கோடி டாலர் உறுதி. அதற்குமேல் மூன்று ஆண்டு நீட்டிக்கும் உரிமை அணிக்கு. இந்த ஒப்பந்தத்தின் முன் சற்று நிற்க வேண்டும். ஒரு வாரம் ஆடிய பையனைப் பற்றி என்ன தெரியும்? அவர் நட்சத்திரமாகவும் ஆகலாம், முழங்கால் உடைந்து வீட்டுக்கும் போகலாம். யாங்கீஸ் ஜெனரல் மேனேஜருக்கு இந்தச் சூதாட்டம் தேவையே இல்லை. ஆறு ஆண்டு பார்த்துவிட்டு, நட்சத்திரம் என்று உறுதியானதும் சந்தை விலை கொடுத்துக்கொள்ளலாம். டாம்பாவுக்கு அந்தச் சந்தை விலை எட்டாது. ஆகவே விலை ஏறும் முன்பே, தெரியாத நிலையிலேயே, வாங்கியாக வேண்டும். லோங்கோரியா ஏமாற்றப்பட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வாரப் பணிக்கு வாழ்நாள் பாதுகாப்பு கிடைத்தது அவருக்கு. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரிது என்பதையும் மறைக்கக் கூடாது. அன்றைய சந்தையில் அவருடைய நல்ல ஆண்டுகளுக்குப் பல மடங்கு கிடைத்திருக்கும்.

அந்த ஆண்டு டாம்பாவின் மொத்தச் சம்பளம் சுமார் 4.4 கோடி டாலர். யாங்கீஸுடையது ஏறத்தாழ 21 கோடி. டாம்பா 97 ஆட்டங்களை வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது, லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடர்வரை போய் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது. யாங்கீஸ் மூன்றாமிடம்.

அடுத்து வந்த குளிர்காலம்தான் எனக்கு மிகவும் பாடம் சொன்ன குளிர்காலம். தோற்ற யாங்கீஸின் ஜெனரல் மேனேஜர் பிரையன் கேஷ்மன் மூன்று பேரை வாங்கினார். சி.சி. சபாத்தியாவுக்கு 16.1 கோடி, மார்க் டெஷேராவுக்கு 18 கோடி, ஏ.ஜே. பர்னெட்டுக்கு 8.25 கோடி. கூட்டினால் டாம்பாவின் ஓராண்டுச் சம்பளத்தைப்போல ஒன்பது மடங்குக்கு மேல். வென்ற டாம்பாவின் ஜெனரல் மேனேஜர் பேட் பரெல் என்ற பேட்டரை வாங்கினார். இரண்டு ஆண்டுக்கு 1.6 கோடி. பர்னெட் ஒப்பந்தம் பாதியிலேயே சுமையாகிப்போனது. யாங்கீஸ் பிறகு அவரை, சம்பளத்தின் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பியது. அதற்குள் 2009 உலகத் தொடரை வென்றுவிட்டிருந்தது. பரெல் டாம்பாவில் சோபிக்கவே இல்லை. 2010 மே மாதம் அணி அவரை விட்டுவிட்டது. பர்னெட்டின் தொகை பரெலினுடையதைவிட ஐந்து மடங்கு. ஆனாலும் அடி பலமாக விழுந்தது டாம்பாவுக்குத்தான். ஃப்ரீட்மனிடம் அந்தக் குளிர்காலத்துக்கென்று இருந்த பெரிய தொகை அது ஒன்றுதான். இரண்டாவது முறை முயல அவரிடம் எதுவும் மிச்சமில்லை.

வாங்குவதில் மட்டும் இப்படி அவசரம் என்று எண்ண வேண்டாம். விற்பதிலும் அதே அவசரம். ஒரு பிட்சரை வாங்கும் அணி உண்மையில் விலை கொடுப்பது அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆவதற்கு மீதமிருக்கும் ஆண்டுகளுக்கு. ஆகவே ஏழை அணி அவரை இரண்டு ஆண்டோ ஒன்றரை ஆண்டோ மிச்சம் இருக்கும்போதே, அதாவது அவர் உச்சத்தில் இருக்கும்போதே, கொடுத்துவிட வேண்டும். ஸ்காட் காஸ்மிர் 2009 ஆகஸ்டில் போனார், அணி இன்னும் போட்டியில் இருந்தபோதே. மேட் கார்சா 2011 ஜனவரியில். ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் 2012 டிசம்பரில். டேவிட் பிரைஸ் 2014 ஜூலையில். ஒவ்வொருவருக்கும் ஈடாக இளைஞர்கள் வந்தார்கள். கார்சாவுக்கு ஈடாக வந்தவர்களில் கிறிஸ் ஆர்ச்சர் நல்ல பிட்சராக வளர்ந்தார். கணக்குப்படி பார்த்தால் பெரும்பாலும் சரியான முடிவுகள். ஆனால் டாம்பாவின் ரசிகர் என்ன செய்வார்? தன் குழந்தைக்கு ஒரு வீரரின் பெயர் போட்ட சட்டை வாங்கிக்கொடுக்கிறார். அந்தச் சட்டை குழந்தைக்குச் சிறிதாவதற்குள் அந்த வீரர் வேறு ஊருக்கு ஆடுகிறார். டாம்பாவின் அரங்கம் காலியாகக் கிடக்கிறது என்று கேலி பேசுபவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. ஒட்டிக்கொள்ள விடாமல் ஒரு ஊரைப் பழக்கிவிட்டு, ஏன் ஒட்டவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

ஆனால் கார்ல் கிராஃபோர்ட் என்ற நட்சத்திர வீரரை ஃப்ரீட்மன் விற்கவில்லை. 2010-இல் அணி வெல்லும் நிலையில் இருந்தது, ஆகவே கடைசிவரை வைத்திருந்தார். பருவம் முடிந்ததும் கிராஃபோர்ட் ஏழு ஆண்டு, 14.2 கோடி டாலருக்குப் பாஸ்டன் போனார். இப்படி வெளியேறிய வீரர்களுக்கு ஈடாகக் கிடைத்த வாய்ப்புகளால், 2011-இல் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் 60 இடங்களில் 10 டாம்பாவுக்குக் கிடைத்தன. பத்துப் பேரில் ஒருவர்தான் பெரிய நட்சத்திரமானார். 52-ஆவது இடத்தில் எடுத்த பிளேக் ஸ்னெல். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். கிராஃபோர்டின் பெயரையும்.

2014 அக்டோபரில் ஃப்ரீட்மன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போனார். அந்த அணி அதற்குச் சற்று முன்புதான் 25 ஆண்டுக்கு 800 கோடி டாலருக்கு மேற்பட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டிருந்தது. 2015-இல் அதன் சம்பளக் கணக்கு 27 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு கட்டிய சொகுசு வரி மட்டும் சுமார் 4.4 கோடி. 2008-இல் உலகத் தொடர்வரை போன டாம்பா அணியின் மொத்தச் சம்பளமும் ஏறக்குறைய அதுதான்.

அங்கே அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். முதல் குளிர்காலத்திலேயே மேட் கெம்ப் என்ற புகழ்பெற்ற பேட்டரை சான் டியேகோவுக்கு அனுப்பினார். கெம்புக்கு இன்னும் 10.7 கோடி தர வேண்டியிருந்தது, அதில் 3.2 கோடியை டாட்ஜர்ஸே கொடுத்தது. டாம்பாவில் அவர் வீரரைக் கொடுத்தது சம்பளத்திலிருந்து தப்பிக்க. இங்கே சம்பளத்தையும் சேர்த்துக் கொடுத்து, ஈடாக வரும் வீரரின் தரத்தை உயர்த்திக்கொண்டார். 2015 மே மாதம் ஹெக்டர் ஒலிவேரா என்ற கியூபா வீரருக்கு 6.25 கோடியில் ஒப்பந்தம், அதில் 2.8 கோடி முன்பணம். ஒலிவேரா டாட்ஜர்ஸுக்காக மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஜூலையிலேயே அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்து, அலெக்ஸ் வுட் உள்ளிட்டவர்களைப் பெற்றார்கள். முன்பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதால் அட்லாண்டாவுக்கு ஒலிவேரா மலிவாகத் தெரிந்தார். டாட்ஜர்ஸ் தன் பணத்தை ஒரு வீரரின் உடலுக்குள் வைத்து, இளம் பிட்சராக மாற்றிக்கொண்டது என்றே நான் பார்க்கிறேன். பரெலுக்குக் கொடுத்ததைவிடப் பெரிய தொகை, ஒரே கோடைக்குள் வந்து போனது. அதனால் அணியில் யாருடைய இடமும் பறிபோகவில்லை.

கிராஃபோர்ட் என்ன ஆனார்? பாஸ்டனில் சோபிக்காமல், 2012-இல் அணிகள் வீரர்களை மாற்றிக்கொண்ட ஒரு பெரிய டிரேடில் டாட்ஜர்ஸுக்கு வந்திருந்தார். ஃப்ரீட்மன் போனபோது அங்கே இருந்தார், காயங்களோடு. 2016 ஜூனில், இன்னும் சுமார் 3.5 கோடி டாலர் தர வேண்டியிருந்தபோது, ஃப்ரீட்மன் அவரை அணியிலிருந்து விடுவித்தார். ஆறு ஆண்டுக்கு முன் அவரைத் தக்கவைத்துக்கொள்ளப் பணமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்த அதே மனிதர், இப்போது அவர் ஆடாமல் இருப்பதற்குப் பணம் கொடுத்தார். இரண்டு முடிவும் சரியானவை என்பதுதான் இதில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது.

அவர் டாம்பாவின் பழக்கங்களை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓக்லாந்து வேண்டாமென்று விட்ட மேக்ஸ் மன்சியை 2017-இல் கீழ்நிலையான மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தார். அடுத்த ஆண்டு மன்சி 35 ஹோம் ரன் அடித்தார். சியாட்டிலில் ஓரம்கட்டப்பட்டிருந்த கிறிஸ் டெய்லரையும் ஒரு டிரேடில் பிடித்தார். ஏழையாக இருந்தபோது கற்ற கண் பணக்காரரிடமும் வேலை செய்தது. ஆனால் டாம்பாவில் அந்தக் கண் தவறினால் பருவமே போய்விடும். இங்கே தவறினால் வேறொருவர் இருப்பார்.

பணக்காரருக்கும் சுவர் உண்டு. சொகுசு வரி எல்லையைத் தாண்டும் முதலாண்டு வரி 20 சதவீதம், இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டிலிருந்து 50; ஓராண்டு எல்லைக்குள் வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மிக அதிகமாகத் தாண்டினால் கூடுதல் வரியும், டிராஃப்டில் பத்து இடம் பின்தள்ளலும் உண்டு. ஐந்து ஆண்டு தொடர்ந்து வரி கட்டிய டாட்ஜர்ஸ், 2017 டிசம்பரில் அட்லாண்டாவோடு ஒரு விசித்திரமான டிரேட் செய்தது. பெரிய சம்பளக்காரர்களை அனுப்பிவிட்டு, முன்பு அனுப்பிய அதே மேட் கெம்பைத் திரும்ப வாங்கியது. ஆட்டத்துக்காகச் செய்ததல்ல, சம்பளங்கள் எந்த ஆண்டில் விழும் என்பதை நகர்த்தி, 2018-இல் எல்லைக்குள் வருவதற்காக. அந்த நிதானம்தான் 2020-இல், வரிச்சுமையைக் குறைக்க விரும்பிய பாஸ்டனிடமிருந்து மூக்கி பெட்ஸை வாங்கவும், அவருக்கு 12 ஆண்டுக்கு 36.5 கோடி கொடுக்கவும் வழிசெய்தது.

அந்த 2020 உலகத் தொடரில் டாட்ஜர்ஸுக்கு எதிரே நின்றது டாம்பா. சம்பளக் கணக்கில் டாட்ஜர்ஸுடையதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஆறாவது ஆட்டம். டாம்பாவின் பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துகள்தான் எறிந்திருந்தார், ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தார், அணி 1-0 என முன்னிலையில். ஆறாவது இன்னிங்ஸில் ஒரு ஹிட் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். அடுத்து ஆட வந்தவர் பெட்ஸ். டாட்ஜர்ஸ் அந்த இன்னிங்ஸிலேயே முந்தி, 3-1 என வென்று கோப்பையைத் தூக்கியது. கேஷைத் திட்டாதவர் இல்லை. ஆனால் அந்த முடிவு அன்று மாலை பிறந்ததல்ல. நீண்ட நேரம் எறியும் ஐந்து பிட்சர்களைச் சந்தை விலைக்கு வாங்க முடியாத அணி, இன்னிங்ஸ்களை, இடையில் வந்து எறியும் பல மலிவான ரிலீவர்களிடம் பிரித்துக் கொடுக்கப் பழகியிருந்தது. 2018 மே மாதம், ரிலீவரான செர்ஜியோ ரோமோவை ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸுக்கு எறியவிட்டுப் புதுப் பழக்கத்தையே உண்டாக்கிய அணி அது. பணக்கார அணிகளும் பிறகு இந்த முறையைப் பின்பற்றின. ஆனால் பிறந்தது கல்லாப்பெட்டியின் அடியில்.

இரண்டு மாதம் கழித்து டாம்பா ஸ்னெல்லை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டது. 2023 டிசம்பரில் இன்னொரு பிட்சர் டைலர் கிளாஸ்னோவை டாட்ஜர்ஸுக்கே கொடுத்தது. டாட்ஜர்ஸ் உடனே அவருக்கு 13 கோடிக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. 2024 நவம்பரில் ஸ்னெல்லும் ஐந்து ஆண்டு, 18.2 கோடிக்கு டாட்ஜர்ஸுக்கு வந்தார். 2011-இல் அவரை 52-ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்த ஃப்ரீட்மன், இப்போது அவருக்கு முழு விலை கொடுத்தார். இடையில் ஸ்னெல், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கியிருந்தார். முதலில் தெரியாமல் எடுத்தார். பிறகு தெரிந்து வாங்கினார்.

பணம் மட்டும் போதும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2023-இல் நியூயார்க் மெட்ஸ் சுமார் 10 கோடி டாலர் வரியே கட்டியது. வென்றது 75 ஆட்டம்தான். ஆனால் அந்தத் தோல்வியிலும் அதன் ஜெனரல் மேனேஜருக்கு ஒரு வழி இருந்தது. மேக்ஸ் ஷெர்சரின் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்று டெக்சஸுக்கு அனுப்பி, ஓர் இளைஞரைப் பெற்றார்கள். தோற்கும்போதும் எதிர்காலத்தை வாங்க முடிகிறது.

கடைசியாக, என்னை நெடுநாளாக உறுத்தும் ஒன்று. குறைந்த பணத்தில் வெல்லும் ஜெனரல் மேனேஜரைப் பாராட்டிப் பாராட்டி, பணம் ஏன் குறைந்தது என்று கேட்பதை நாம் மறந்துவிட்டோம். பேஸ்பாலில் ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டு, எல்லா அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. சிறிய ஊர் அணிகளுக்கு இதனால் நிகர வரவு. அதை அணியை மேம்படுத்தச் செலவிட வேண்டும் என்று விதி. 2018-இல் வீரர்கள் சங்கம் டாம்பா, ஓக்லாந்து, மயாமி, பிட்ஸ்பர்க் ஆகிய நான்கு அணிகள் அப்படிச் செலவிடவில்லை என்று முறையிட்டது. 2025-இல் டாம்பா அணி சுமார் 170 கோடி டாலருக்குக் கை மாறியதாகச் செய்தி வந்தது. அப்படிப்பட்ட சொத்தின் ஜெனரல் மேனேஜர்தான் ஒரு பிட்சரின் கடைசி இரண்டு ஆண்டுச் சம்பளம் கட்டாது என்று அவரை அனுப்பிக்கொண்டிருந்தார்.

லீக்குக்கும் வீரர்களுக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிகிறது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற பேச்சு உரிமையாளர்களிடம் மறுபடி எழுந்திருக்கிறது. 1994-இல் இதே கோரிக்கையை எதிர்த்து வீரர்களின் வேலைநிறுத்தம் வந்து, அந்த ஆண்டு உலகத் தொடரே நடக்கவில்லை. உச்சவரம்பு லாஸ் ஏஞ்சலஸின் ஜெனரல் மேனேஜரைக் கொஞ்சம் கட்டிப்போடும். டாம்பாவில் அதே நாற்காலியில் இருப்பவருக்கு அதனால் ஒரு டாலர்கூடக் கூடுதலாக வராது. அவருக்கு உதவக்கூடியது குறைந்தபட்ச வரம்பு: இவ்வளவுக்குக் கீழே எந்த உரிமையாளரும் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற விதி. அது வந்தால், ஷீல்ட்ஸைப் போன்ற ஒருவருக்கு இரண்டு ஆண்டு மிச்சம் இருக்கும்போது, வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியையாவது அந்த ஜெனரல் மேனேஜர் கேட்டுக்கொள்ள முடியும்.